ஃபெட்-2, ஜோர்க்கி-4, கீவ்-4ஏ: மூன்றில் எது?

"விலை உயர்ந்த ஜெர்மன் கேமராவான லைக்கா வாங்க வசதியில்லை, பழைய ரஷ்யக் கேமரா ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம் முதலில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகம் கைமாறுகிற மூன்று பெயர்களில் இரண்டு உக்ரைனில் பிறந்தவை. ஃபெட் கார்கிவ் நகரத்துச் சரக்கு. கீவ், பெயரே சொல்வதுபோல, கீவ் நகரத்து ஆர்சனல் ஆலையிலிருந்து வந்தது. மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னோகோர்ஸ்கில் செய்யப்பட்ட ஜோர்க்கி மட்டும்தான் ரஷ்யாவுடையது. சோவியத் கேமரா என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

மூன்றும் என்னிடம் இருக்கின்றன: ஃபெட்-2, ஜோர்க்கி-4, கீவ்-4ஏ. மூன்றிலும் 35 மி.மீ. ஃபிலிம்தான், மூன்றுக்கும் பேட்டரி வேண்டாம், மூன்றிலும் லைட் மீட்டர் கிடையாது. வேறுபாடு மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

வம்சத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பின்னால் வரும் வம்புகள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான். கார்கிவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு கம்யூன் இருந்தது. கல்வியாளர் அன்டோன் மகரென்கோ நடத்தியது. சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எத்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் அதற்கு. ரஷ்ய எழுத்தில் அவருடைய மூன்று முதலெழுத்துகளான எஃப், ஈ, டி சேர்ந்ததுதான் ஃபெட். அந்தக் கம்யூனின் பட்டறையில் முதலில் மின்சாரத் துளைக்கருவி செய்தார்கள், அடுத்தபடியாக லைக்கா 2-ஐப் பிரித்துப் பார்த்து, 1934-இல் கேமரா உற்பத்தியைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் கார்கிவ் ஆலை சிதைந்தது. போருக்குப் பின் கிராஸ்னோகோர்ஸ்க் ஆலை ஃபெட் வடிவத்தைக் கையில் எடுத்தது. 1948-இல் வந்த முதல் கேமராக்களில் 'ஃபெட்-ஜோர்க்கி' என்று இரண்டு பெயரும் பொறித்திருக்கும். ஜோர்க்கி என்றால் கூர்மையான பார்வை உடையது என்று பொருள். ஆக, ஃபெட்டும் ஜோர்க்கியும் அண்ணன் தம்பி, இரண்டுக்கும் லைக்கா ரத்தம்.

கீவ் வேறு குடும்பம். ஜெர்மனியில் லைக்காவுக்குப் பரம எதிரியாக இருந்தது சைஸ் ஐகானின் கான்டாக்ஸ். போர் இழப்பீடாக அதன் அச்சுகளும் இயந்திரங்களும் உதிரிபாகங்களும் சோவியத்துக்குப் போயின. 1936-இல் வந்த கான்டாக்ஸ் 2, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பெயர் மாற்றிக்கொண்டு கீவ் ஆனது. ஃபெட் ஆரம்பத்தில் பார்த்து வரைந்த படம் என்றால், கீவ் அதே அச்சில் வார்த்த சிலை.

சரி, கண்ணில் வைத்துப் பார்ப்போம். மூன்றும் ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமராக்கள். இந்த வகையில், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் நடுவே இரட்டை உருவம் தெரியும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். அந்த இரட்டை உருவம் இரண்டு சன்னல்கள் வழியாக வருகிறது. சன்னல்களுக்கு இடையே தூரம் கூடக் கூடத் துல்லியமும் கூடும். கீவில் அந்தத் தூரம் 90 மி.மீ. ஃபெட்-2இல் 67. ஜோர்க்கி-4இல் வெறும் 38. காகிதத்தில் பார்த்தால் ஜோர்க்கி பாவம் போல இருக்கிறது. ஆனால் ஜோர்க்கியின் வியூஃபைண்டர் உலகத்தைச் சுருக்காமல் அதே அளவில் காட்டும். ஃபெட் முக்கால் அளவுக்குச் சுருக்குகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஃபெட்டுக்குச் சுமார் 50, ஜோர்க்கிக்கு 38. 50 மி.மீ. லென்ஸில் இந்த வித்தியாசம் படத்தில் தெரிந்ததாக எனக்கு நினைவில்லை. ஜூபிடர்-9 என்ற 85 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல், அதாவது அதன் துளையை முழுக்கத் திறந்து, முகம் எடுக்கப் போனால் தெரியும். அங்கே கீவ்தான் ராஜா.

ஆனாலும் கண் விரும்புவது ஜோர்க்கியை. பெரிய, வெளிச்சமான சன்னல். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே எடுக்கலாம். கீவில் பார்ப்பது சாவித் துவாரம் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்ப்பது போல. கண்ணாடி அணிபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஜோர்க்கியின் பார்வைத் துளையைச் சுற்றி இருப்பது வெறும் உலோக வளையம், மூக்குக்கண்ணாடியில் கோடு போட்டுவிடும். ஒரு ரப்பர் வளையம் ஒட்டிக்கொள்ளுங்கள். அல்லது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழுக்கு அடியில் உள்ள நெம்புகோலைத் திருப்பிப் பாருங்கள். ஃபெட்-2, ஜோர்க்கி-4 இரண்டிலும் அது உங்கள் கண் பவருக்கு ஏற்பத் தெளிவைச் சரிசெய்யும். கீவில் அந்த வசதி இல்லை.

கைக்கு வந்தால், கீவ் பழக ஒரு மாதம் ஆகும். ஃபோகஸ் செய்ய ஷட்டர் பொத்தானுக்கு முன்னால் பல் வைத்த சின்னச் சக்கரம். மிகத் தொலைவுக்கான 'முடிவிலி' நிலையில் அது பூட்டிக்கொள்ளும், பக்கத்து நெம்பை அழுத்தினால்தான் விடும். சக்கரத்தை விரலால் உருட்டும்போது அடுத்த விரல் சரியாக ரேஞ்ச்ஃபைண்டர் சன்னலை மறைக்கும். இரட்டை உருவம் காணாமல் போகும். புதிதாக வாங்கியவர் கேமரா பழுது என்று முடிவு கட்டுவது அப்போதுதான். விரல்களை மடக்கித் தூக்கிப் பிடிக்கும் ஒரு முறை இருக்கிறது. 'கான்டாக்ஸ் பிடி' என்று அதற்குப் பெயரே உண்டு. ஃபெட்டிலும் ஜோர்க்கியிலும் இந்தத் தொல்லை இல்லை, லென்ஸைத் திருப்பினால் முடிந்தது. ஃபெட்-2இல் பட்டை மாட்ட வளையம் கிடையாது, தோல் உறையோடுதான் கழுத்தில் தொங்கவிட வேண்டும். அந்த உறை பெரும்பாலும் எட்டு மடங்கு வயதானதுபோல் மணக்கும்.

ஷட்டர்தான் இந்த அலசலின் இதயம். ஃபெட், ஜோர்க்கி இரண்டிலும் ரப்பர் பூசிய துணித்திரை பக்கவாட்டில் ஓடும். கீவில் பித்தளைப் பட்டைகளால் ஆன திரை மேலிருந்து கீழே ஓடும். நம் ஊர்க் கடை ஷட்டரை மனதில் கொண்டுவாருங்கள். அதே அமைப்பு, தீப்பெட்டி அளவில். வேகம் ஃபெட்-2க்கு 1/500 வரைதான், 1/25 அல்லது 1/30-க்குக் கீழே, பொத்தானை அழுத்தும்வரை திறந்திருக்கும் 'பி' மட்டும். ஜோர்க்கி-4க்கு 1 நொடியிலிருந்து 1/1000 வரை. கீவில் 1/2-இல் தொடங்கி, பழையவற்றில் 1/1250 வரை பொறித்திருக்கும். அறுபது வருடம் கழித்து அந்த 1/1250 உண்மையிலேயே அவ்வளவு இருக்கிறது என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

இங்கே உயிரோடு விளையாடும் விதி ஒன்று. ஃபெட், ஜோர்க்கியில் முதலில் ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்ற வேண்டும், அப்புறம்தான் வேகத்தை மாற்ற வேண்டும். மெதுவான வேகங்களுக்கான பல்சக்கரங்கள் உள்ள ஜோர்க்கி-4இல் இந்த வரிசையை மாற்றினால் உள்ளே ஏதாவது உடையும். நண்பர் கையில் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். நான் சொல்லாமல் ஒருமுறை கொடுத்தேன். நட்பு இருக்கிறது, 1/30-க்குக் கீழான வேகங்கள் இல்லை.

துணித்திரைக்கு வெயில் எதிரி. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே, எஸ்.எல்.ஆரில் இருப்பதுபோல், பிரதிபலிக்கும் கண்ணாடி கிடையாது. மூடி போடாமல் கேமராவை வானம் பார்க்க வைத்தால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகி, திரையில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை போட்டுவிடும். சித்திரை வெயிலில் அதற்கு வெகுநேரம் தேவையில்லை. கீவின் பித்தளைக்கு இந்தப் பயம் இல்லை. இதுதான் கீவுக்கு நம் ஊரில் கிடைக்கும் பெரிய மதிப்பெண். ஆனால் அந்தப் பித்தளைப் பட்டைகளைத் தாங்குவது இரண்டு மெல்லிய துணி ரிப்பன்கள். என்னுடைய கீவில் அவற்றில் ஒன்று ஒரு கோயில் திருவிழாவின் நடுவில் அறுந்தது. திரை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. பழுது பார்க்கக் கேமராவை ஏறக்குறைய முழுவதும் பிரிக்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவர்கள் அரிது, கூலி கேமரா வாங்கிய விலைக்கு நெருங்கியது.

ஃபெட்-2இன் திரையில் ஓட்டை விழுந்தபோது நான் செய்தது இவ்வளவுதான்: பின்பக்கத்தைக் கழற்றினேன், இருட்டறையில் கைபேசி டார்ச்சை லென்ஸ் பக்கம் காட்டினேன், வெளிச்சம் கசிந்த இரண்டு புள்ளிகளிலும் கறுப்புத் துணிப் பெயின்டைத் தண்ணீர் விட்டு இளக்கிச் சின்னத் தூரிகையால் தொட்டு வைத்தேன். ஒரு இரவு காய்ந்தது. இப்போது நாலாவது வருடம் ஓடுகிறது. ரேஞ்ச்ஃபைண்டர் தப்பினாலும் நகைக்கடைத் திருப்புளி ஒன்றும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம், இலக்காக நிலா போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு ஃபெட்-2க்கு. புதிதாக இருந்தபோது மூன்றில் சிறந்தது கீவ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாம் வாங்குவது புதிதல்ல, தாத்தாக்களை. எந்தத் தாத்தாவுக்கு உள்ளூர் வைத்தியமே போதும் என்பதுதான் கேள்வி.

லென்ஸ்களில் பெரிய போட்டி இல்லை. ஜூபிடர்-8 என்ற 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ் சைஸின் சோனாரின் வாரிசு. கீவுக்கும் கிடைக்கும், ஜோர்க்கிக்கும் கிடைக்கும். நன்றாகத் திறந்தால் மென்மை, எஃப் 5.6-க்கு மூடினால் கூர்மை, முகத்துக்கு இனிமை. ஃபெட்டோடு பெரும்பாலும் வருவது இன்டஸ்டார்-26எம் அல்லது இன்டஸ்டார்-61. எஃப் 2.8தான், ஆனால் பகல் வேலைக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஃபெட், ஜோர்க்கி, பழைய லைக்கா மூன்றுக்கும் ஒரே 39 மி.மீ. திருகு என்பதால் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போடலாம். கீவுக்கு, சொருகித் திருப்பிப் பூட்டும் அதன் சொந்த பயனெட் மட்டும்தான். ஒரு பொறி இருக்கிறது: ஜெனிட் என்ற சோவியத் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கான பழைய லென்ஸ்களும் அதே 39 மி.மீ. திருகு. அழகாக ஏறி உட்காரும், ஒரு படம்கூட ஃபோகஸ் ஆகாது. போருக்கு முந்தைய ஃபெட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் ஒவ்வொரு உடலுக்கும் அதனதன் லென்ஸைத்தான் பொருத்தி அளவெடுத்தார்கள்.

அகலக் கோணம் வேண்டுமென்றால் ஜூபிடர்-12, 35 மி.மீ. அருமையான லென்ஸ். அதன் பின்கண்ணாடி வெங்காயம் போலப் புடைத்துக்கொண்டு ஷட்டருக்கு அருகே வரை போகும். மூடியில்லாமல் மேசையில் வைத்தீர்களோ, தொலைந்தது.

வாங்கும்போது ஏமாற்று ஒன்றுக்குத் தயாராக இருங்கள். தங்க முலாம், கழுகு முத்திரை, 'பெர்லின் ஒலிம்பிக் 1936' பொறிப்பு என்று பளபளக்கும் 'லைக்கா' மலிவாகக் கிடைத்தால், அது வேஷம் போட்ட ஃபெட் அல்லது ஜோர்க்கி. லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் நெம்பின் முனையில் உருளும் வட்டச் சக்கரம் இருந்தால் லைக்கா, ஆப்பு மாதிரித் தட்டை நாக்கு இருந்தால் சோவியத். அலமாரியில் வைக்க அழகுதான், லைக்கா விலை கொடுக்காதவரை.

விற்பவர் 'ஷட்டர் வேலை செய்கிறது' என்றால் அது சத்தம் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். பின்பக்கத்தைத் திறந்து வைத்து, 1/500-இல் வெளிச்சத்தை நோக்கிச் சுடும் காணொளி கேளுங்கள். படச் சட்டத்தின் இரு ஓரத்திலும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு ஓரம் இருட்டாக இருந்தால் திரை சோர்ந்துவிட்டது, அல்லது பழைய கிரீஸ் கெட்டிப்பட்டுவிட்டது. ஃபிலிம் சுற்றும் உள் சுருள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கழற்றி எடுக்கக்கூடியது என்பதால் பாதிப் பேர் தொலைத்திருப்பார்கள். கீவ் என்றால் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் ஆண்டு: 62 என்று தொடங்கினால் 1962. நான் 1960களின் நடுப்பகுதிக்கு முந்தையதைத்தான் தேடுவேன், பிந்தையவற்றில் கை வேலை அவ்வளவு சுத்தமாக இல்லை என்பது என் அபிப்பிராயம்.

யாருக்கு எது என்று கேட்டால்: வீட்டிலேயே திருப்புளி பிடிக்கத் தயங்காதவருக்கு ஃபெட்-2. தெருவில் நடந்துகொண்டே எடுப்பவருக்கும், மெதுவான வேகங்கள் வேண்டும் என்பவருக்கும் ஜோர்க்கி-4, அதிலும் ஜூபிடர்-8 மாட்டியது. கீவை, ஏற்கெனவே ஒரு கேமரா ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பவர் மட்டும் வாங்கலாம்.

வந்து சேர்ந்ததும் விலை குறைந்த கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று போடுங்கள். ஐஎஸ்ஓ 400 என்றால் உச்சி வெயிலில் எஃப் 16, 1/500. நிழலுக்கு வந்ததும் லென்ஸ் துளையை நாலு படி, எஃப் 4 வரை, திறங்கள். பின்மூடி முழுசாகக் கழன்று கையோடு வரும், ஃபிலிம் போடும்போது அதை வைக்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பல்லில் கடித்துக்கொள்வேன்.