திடலை மாநகராட்சி நடத்துவதா, தனியாரா? காலாங் எனக்குக் காட்டியது

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டபோது, எங்கள் தெருவில் எதிர்ப்பு மனு ஒன்று சுற்றி வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். எதிர்ப்பு பெரிதானதும் மாநகராட்சியே தீர்மானத்தைக் கைவிட்டுவிட்டது. ஆனால் வீட்டில் தம்பி விடவில்லை. "சிங்கப்பூர்ல ஏழு வருஷம் தனியார் நடத்துன வளாகத்தைச் சுத்திதானே ஓடிக்கிட்டிருந்த? அங்க நல்லா இருந்தது, இங்க மட்டும் கசக்குதா?"

அங்கே ஓடியதால்தான் கையெழுத்தே போட்டேன்.

தனியார் பக்கம் உள்ள நல்லதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். லைட் எரியும், கழிவறை திறந்திருக்கும், செயற்கைப் புல்லில் தையல் பிரிந்தால் அடுத்த வாரமே ஒட்டுவார்கள். இதில் எனக்குச் சண்டை இல்லை. கட்டணக் கணக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மாதம் 25 நாள், தினம் ஒரு மணி நேரம் ஆடுகிற பையனுக்கு 3,000 ரூபாய். வியாசர்பாடியில் எத்தனை வீடுகளில் அதைக் கொடுப்பார்கள்?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எந்த நாள் யாருக்கு என்று முடிவு செய்யும் உரிமை, அதாவது காலண்டர் யார் கையில் இருக்கிறது என்பது.

சிங்கப்பூரின் காலாங் பகுதியில் பழைய தேசிய மைதானத்தை இடித்துவிட்டு 35 ஹெக்டேரில் ஸ்போர்ட்ஸ் ஹப் என்ற விளையாட்டு வளாகத்தைக் கட்டினார்கள். தனியார் கூட்டமைப்பே 133 கோடி வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) கட்டி 25 வருஷம் நடத்தும், அரசு வருஷத்துக்கு 19.37 கோடி வெள்ளி கொடுக்கும் என்பது அன்றைய ஒப்பந்தம். 2014-இல் திறந்தார்கள். அந்த அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் ஆடிய ஆட்டத்தில் நெய்மார் நாலு கோல் போட்டார், ஆனாலும் பேச்செல்லாம் மணல் மணலாகக் கிடந்த புல்லைப் பற்றித்தான். சரி, புதிய மைதானம், புல்லை மாற்றிவிட்டார்கள், விடுங்கள்.

2016 தேசிய தின அணிவகுப்புதான் என் கண்ணைத் திறந்தது. ஒப்பந்தப்படி அணிவகுப்புக்கு 45 நாள் இலவசம், ஒத்திகையெல்லாம் சேர்த்துத் தேவைப்பட்டதோ 80 நாள். மீதி 35 நாளுக்கு நிர்வாகம் கேட்ட தொகை 2.6 கோடி வெள்ளி! பேரம் பேசி ஒரு கோடியில் முடித்தார்கள். நிர்வாகத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை, 35 நாள் வேறு நிகழ்ச்சி நடத்த முடியாது என்றால் அவர்களுக்கு அது நஷ்டம், ஒப்பந்தமும் அவர்கள் பக்கம். ஆனால் அவ்வளவு கெட்டிக்கார அரசே தன் மைதானத்தில் தன் தேசிய தினத்தைக் கொண்டாடக் காசு கொடுத்து நாள் வாங்கியது என்றால், பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூட டீம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திடல் வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்கும்? டெண்டர் எடுத்தவர் அந்த நேரத்தை ஐ.டி. கம்பெனி டோர்னமென்ட்டுக்குத்தான் கொடுப்பார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன்.

அப்புறம் 2022 டிசம்பரில், ஒப்பந்தம் முடியப் பல வருஷம் இருக்கும்போதே, அரசின் விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூர் வளாகத்தைத் தானே எடுத்துக்கொண்டது. கச்சேரி நின்றுவிடவில்லை. 2024-இல் கோல்ட்பிளே இசைக்குழு ஆறு இரவு, பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு. வருமானம் வேண்டுமென்றால் தனியார்தான் வர வேண்டும் என்கிற வாதம் எனக்கு அதோடு போயிற்று. நான் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டதால், இப்போது அங்கே பராமரிப்பு எப்படி என்று நேரில் பார்த்துச் சொல்கிற நிலையில் இல்லை. எனக்குத் தெரிந்ததும் வெளியே ஓடியவனின் பார்வைதான், உள்ளே ஒரு போட்டிகூட நடத்தியதில்லை. காலாங்கின் 55,000 இருக்கை மைதானத்தையும் நம்மூர்த் திடலையும் ஒரே தராசில் வைப்பது கொஞ்சம் முரட்டுத்தனம் என்பதும் தெரியும்.

புல், லைட், காவல், கழிவறை, இவற்றைக் காசு கொடுத்து ஒப்பந்தக்காரரிடம் விடுங்கள், வேலை சரியில்லை என்றால் பணத்தைப் பிடியுங்கள். காலண்டரும் கட்டணமும் மட்டும் மாநகராட்சியிடம் இருக்கட்டும். தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். பில் பாஸ் ஆகாமல் ஒப்பந்தக்காரர் பாதியில் ஓடிவிடுவார் என்றான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவன் மகன் இன்னும் தனியார் டர்ஃபுக்குத்தான் போகிறான், அங்கே கோச் நன்றாகச் சொல்லித் தருகிறாராம்.