வைனா, பீரா, வெங்காயமா? குளிருக்கு ஏத்த மூணு மாட்டுக்கறி ஸ்டூ

வெளிய மைனஸ்ல இருக்கு, சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடுது, அந்த மாதிரி நாள்ல ஒரு கனமான பாத்திரத்தை அடுப்புல ஏத்தி மூணு மணி நேரம் விட்டா வீடும் கதகதப்பா இருக்கும் ராத்திரி சாப்பாடும் முடிஞ்சிடும். குளிர் நாடுகள்ல ஊருக்கு ஒரு மாட்டுக்கறி ஸ்டூ வச்சிருக்காங்க. அதுல மூணை மட்டும் இங்க எடுத்துக்கறேன், பிரான்ஸோட பெஃப் பூர்கின்யோன், பெல்ஜியத்தோட கார்பொனாட், ஹங்கேரியோட பொர்கொல்ட். மூணுலயும் அதே கறி, அதே வெங்காயம், அதே மூணு மணி நேரம். ஆனா முதல் ஸ்டூ ரெட் வைன்ல வேகுது, ரெண்டாவது பீர்ல வேகுது, மூணாவதுக்கு வெங்காயமும் கறியும் விடற தண்ணியே கிட்டத்தட்ட போதும். என் ஓட்டு மூணாவதுக்குத்தான், அதை இப்பவே சொல்லிட்டு மேல போறேன்.

முதல்ல கறி, ஏன்னா இது சரியா அமையலன்னா எந்த நாட்டு ரெசிபியும் கைகொடுக்காது. சூப்பர்மார்க்கெட்ல "ஸ்டூ மீட்"னு துண்டு போட்டு பாக்கெட்ல வச்சிருப்பாங்க, அதை தயவுசெஞ்சு எடுக்காதீங்க. பல இடத்து வெட்டுல மிஞ்சினது அதுல கலந்திருக்கும், பின்தொடைக் கறியும் இருக்கும், ஒரு துண்டு வெந்து குழைஞ்சிருக்கும்போது பக்கத்துத் துண்டு சக்கையா இருக்கும். மாடு நடந்து மேஞ்சு நல்லா உழைச்ச இடத்துக் கறிதான் ஸ்டூவுக்கு வேணும். தோள்பட்டை, அதாவது கடைல சக்குன்னு கேட்டா குடுப்பாங்க, அப்புறம் முழங்காலுக்குக் கீழ வர்ற ஷின், கன்னம், வால். இதுல எல்லாம் ஜவ்வு ஜாஸ்தி, பச்சையா பாக்க நல்லாவே இருக்காது, ஆனா அந்த ஜவ்வுல இருக்கற கொலாஜன் 60 டிகிரிக்கு மேல மெதுவா கரைய ஆரம்பிச்சு 80 தாண்டினதும் வேகமா ஜெலட்டினா மாறும், சாஸுக்கு அந்த வழவழப்பும் கனமும் குடுக்கறது அதுதான், மாவு போட்டு கெட்டியாக்கினா அது வராது. அதே சமயம் தளதளன்னு கொதிக்க விட்டீங்கன்னா கறி நார் இறுகி உள்ள இருக்கற ஈரத்தையெல்லாம் பிழிஞ்சு வெளிய தள்ளிடும், குழம்புக்குள்ளயே கிடந்தாலும் கறி வறட்டுனு இருக்கறதுக்கு இதான் காரணம். மேல அங்கங்க ஒரு குமிழி வந்தா போதும், அவ்ளோதான் தீ.

பூர்கின்யோனுக்கும் கார்பொனாடுக்கும் நான் சக் கறியைச் சொல்வேன், பொர்கொல்ட்டுக்கு ஷின். ஹங்கேரிலயே மாட்டுக்கறி பொர்கொல்ட்னா பெரும்பாலும் கால் கறிதான்.

சரி, பூர்கின்யோன். பர்கண்டி பக்கத்து சாப்பாடு, அந்த ஏரியா பினோ நுவார் வைனுக்கும் வெள்ளை நிற ஷாரோலே மாட்டுக்கும் பேர் போனது, ரெண்டும் பக்கத்துலயே கிடைக்கறப்ப இப்படி ஒரு சமையல் பிறந்ததுல ஆச்சரியம் இல்ல. ஒன்றரை கிலோ கறிக்கு ஒரு முழு பாட்டில் வைன், 750 மில்லி. கறியை பெரிய துண்டா, 4, 5 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, ஈரத்தை நல்லா துடைச்சு, பன்றிக்கொழுப்புத் துண்டு பொரிச்ச நெய்யிலயே நாலஞ்சு துண்டா போட்டு சிவக்க வறுக்கணும். மொத்தமா கொட்டினா கறி விடற தண்ணி பாத்திரத்தோட சூட்டை 100 டிகிரிக்கு மேல ஏற விடாது, அப்ப கறி வறுபடாது, அவிஞ்சுதான் போகும். இப்படி வறுக்கறது சாறை உள்ள பூட்டி வைக்கும்னு இன்னமும் நிறைய பேர் சொல்றாங்க, 19ம் நூற்றாண்டுல லீபிக்ங்கற ஜெர்மன் வேதியியல்காரர் பரப்பின கருத்து அது, தப்புன்னு எப்பவோ தெரிஞ்சு போச்சு. வறுக்கறது ருசிக்காக மட்டும்தான், பாத்திரத்து அடில பழுப்பா ஒட்டிக்கிட்டு இருக்குதே அதுக்காக. அதுமேல வைனை ஊத்தி மரக்கரண்டியால சுரண்டி விட்டா பாதி வேலை முடிஞ்சுது.

வைன் விலை ஜாஸ்தியா இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, உண்மையான பர்கண்டி வைனை வாங்கி சட்டில ஊத்தறது எனக்கு மனசுக்கு ஒப்பல. துவர்ப்பு கம்மியான, ஓக் வாசனை தூக்கலா இல்லாத எந்த ரெட் வைனும் சரிதான். மூணு மணி நேரம் வத்தும்போது துவர்ப்பும் சேந்து அடர்த்தியாகும், அதனாலதான் சொல்றேன். சின்ன வெங்காயத்தையும் காளானையும் தனித்தனியா வெண்ணெய்ல வதக்கி கடைசியா சேக்கணும், கூடவே போட்டு வேக வச்சா கரைஞ்சு காணாம போயிடும். உருளைக்கிழங்கை இதுக்குள்ள போடவே போடாதீங்க, வைனோட புளிப்புல கிழங்கு சீக்கிரத்துல வேகாது, தனியா அவிச்சு வெண்ணெய் போட்டு மசிச்சு பக்கத்துல வைங்க.

ருசின்னு பாத்தா மூணுல ஆழமானது இதுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மூணு நாலு பாத்திரம், ஒரு முழு பாட்டில் வைன், நிறைய நேரம். விருந்தாளி வர்ற சனிக்கிழமைக்கு ஓகே, செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிஞ்சு வந்து யாரு பண்ணுவா. இன்னொண்ணு, மூணு மணி நேரம் கொதிச்சா ஆல்கஹால் மொத்தமும் போயிடும்னு சொல்றாங்கள்ல, அது அப்படி இல்ல, கொஞ்சம் தங்கத்தான் செய்யும். வீட்ல ஆல்கஹாலே வேணாம்னு இருக்கறவங்களுக்கு, அது மார்க்கமா இருக்கட்டும் உடம்பா இருக்கட்டும், இதுவும் ஆகாது அடுத்து வர்ற கார்பொனாடும் ஆகாது.

கார்பொனாட் ஃபிளாண்டர்ஸ் பக்கத்து ஐட்டம், டச்சு பேசற ஆளுங்க ஸ்டோஃப்ஃப்ளேய்ஸ்னு சொல்வாங்க. ஒரு கிலோ கறிக்கு முக்கால் கிலோ வெங்காயம் மெலிசா அரிஞ்சு, அரை மணி நேரத்துக்கு மேலயே சின்னத் தீயில வச்சு பழுப்பு நிறம் வர்ற வரைக்கும் வதக்கணும், இதுல அவசரப்பட்டா கார்பொனாடே இல்ல. பீர்னா எந்த பீரும் இல்ல. பெல்ஜியத்து கருப்பு பீர், டுப்பெல் வகையோ இல்ல லேசா புளிக்கற அவுட் ப்ரூய்ன் வகையோ, 330 மில்லி பாட்டில் ரெண்டு. இப்ப எல்லா கடைலயும் கிடைக்கற ஐபிஏ மாதிரி, கசப்புக்குப் போடற ஹாப்ஸ் தூக்கலான பீரை ஊத்திடாதீங்க, கசப்பு ஆவியாகாது, தண்ணி வத்த வத்த கசப்பு ஏறிக்கிட்டே போகும், கடைசில சக்கரை கொட்டினாலும் சரியாகாது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ரொட்டி. ஒரு ஸ்லைஸ்ல கடுகு பேஸ்ட்டை நல்லா தடவி அந்தப் பக்கம் கீழ இருக்கற மாதிரி குழம்பு மேல போட்டு மூடிட்டா ரெண்டு மணி நேரத்துல அது கரைஞ்சு போய் சாஸ் தானா கெட்டியாயிடும், மாவு வேணாம். முடிக்கறப்ப கொஞ்சம் பழுப்பு சக்கரை, ஒரு ஸ்பூன் வினிகர்.

கூட தொட்டுக்க ஃப்ரைஸ், அங்க அதுதான் முறை. ரெண்டு தடவை பொரிச்ச ஃப்ரைஸை அந்த சாஸ்ல தோய்ச்சு சாப்பிட்டா முதல் தட்டு அமர்க்களம். ரெண்டாவது தட்டுலதான் எனக்கு இடிக்குது, இனிப்பு திகட்டிடும். இனிப்பும் புளிப்பும் கலந்து வர்றது பிடிக்கறவங்களுக்கு இதுதான் முதல் இடத்துல இருக்கும், அதை நான் மறுக்கல. ஆனா சோத்துக்கு இது சேராது, நம்ம வீட்ல குளிருக்கு ஸ்டூன்னா பாதி பேர் சோறு எங்கன்னுதான் கேப்பாங்க.

கின்னஸ்ங்கற கருப்பு பீரை ஊத்தற ஐரிஷ் ஸ்டூவை ஏன் சேக்கலன்னு கேப்பீங்க. அயர்லாந்தோட பழைய ஸ்டூ ஆட்டுக்கறி, உருளை, வெங்காயம், அவ்வளவுதான், மாட்டுக்கறியும் கின்னஸும் தனி ரூட். நல்லா இருக்கும், ஆனா வறுத்த பார்லியோட கசப்பை அடக்க கேரட்டும் சக்கரையும் போட்டு போராடணும், அவ்ளோ பாடு படறதுக்கு கார்பொனாடே பண்ணிடலாம்.

இப்ப பொர்கொல்ட். வெளிநாட்டு ஹோட்டல்ல கூலாஷ்னு கெட்டியா குடுக்கறாங்களே, ஹங்கேரில அதுக்குப் பக்கத்துல வர்றது இதுதான், அங்க குயாஷ்ங்கறது சூப். அல்ஃபோல்ட்னு சொல்ற பெரிய சமவெளில மாடு மேச்சவங்க வெளில தீ மூட்டி இரும்புக் கொப்பரைல பண்ண சாப்பாட்டுல இருந்துதான் ரெண்டுமே வந்துச்சு. அவங்க கைல வைன், எலும்பு வேக வச்ச ஸ்டாக் எல்லாம் எங்க இருக்கப் போகுது, கறி, கொழுப்பு, வெங்காயம், அப்புறமா பாப்ரிகா, அதாவது காரம் கம்மியான சிவப்பு மிளகாய்த்தூள். அந்த மிளகாய்ச் செடி நமக்கு வந்த மாதிரியே அமெரிக்காவுல இருந்து கப்பலேறி வந்ததுதான், ஹங்கேரில சேகெட், கலோச்சா ரெண்டு ஊரும் பாப்ரிகாவுக்குப் பேர் வாங்கிடுச்சு. சேகெட்ல வேலை பாத்த விஞ்ஞானி சென்ட்ஜ்யோர்ஜி 1937ல நோபல் வாங்கினார், அவர் வைட்டமின் சியை கிலோ கணக்குல பிரிச்சு எடுத்தது இந்த பாப்ரிகாவுல இருந்துதான்.

ஒரு கிலோ ஷின், அரை கிலோ வெங்காயம், மூணு டேபிள்ஸ்பூன் பன்றிக்கொழுப்பு, அது வேணாம்னா எண்ணெய். மூணு டேபிள்ஸ்பூன் இனிப்பு பாப்ரிகா, ரெண்டு பல் பூண்டு, ஒரு ஸ்பூன் கேரவே விதை (பாக்க சீரகம் மாதிரி இருக்கும்), ஒரு தக்காளி, ஒரு குடைமிளகாய், உப்பு. வெங்காயத்தைப் பொடியா அரிஞ்சு பொன்னிறமா வதக்குங்க. அப்புறம் பாத்திரத்தை அடுப்புல இருந்து இறக்கிடுங்க, இறக்கிட்டுத்தான் பாப்ரிகாவைப் போடணும், இதை மட்டும் மாத்தாதீங்க. அந்தப் பொடில சக்கரை இருக்கு, சூடான கொழுப்புல கண்ணிமைக்கற நேரத்துல கருகி கசந்துடும். ரெண்டு கிண்டு, ஒரு கை தண்ணி தெளிப்பு, உடனே கறி. வறுக்கற வேலையே இல்ல பாருங்க, அப்படியே போட்டு உப்பு போட்டு மூடி சின்னத் தீயில வச்சிட வேண்டியதுதான், கறி தானா தண்ணி விடும்.

இங்கதான் நம்ம கைக்குப் பழகின வேலை வருது. அந்தத் தண்ணி வத்தி கொழுப்பு பிரிஞ்சு சலசலன்னு சத்தம் வர்ற வரைக்கும் விட்டு, கிண்டி, அரை டம்ளர் தண்ணி மட்டும் ஊத்தி திரும்ப மூடணும். திரும்ப வத்தணும், திரும்ப கொஞ்சம் தண்ணி. எண்ணெய் பிரியற வரைக்கும் சுருள வதக்கிப் பழகினவங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேணாம், காதே சொல்லிடும். முதல் தடவை வத்தினதும் பூண்டு, கேரவே, தக்காளி, குடைமிளகாய் போட்டுடலாம். பூர்கின்யோன்ல ஆரம்பத்துலயே கறியை சிவக்க வறுத்து எடுக்கற ருசியை இது ஒவ்வொரு தடவை வத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கிட்டே வருது. மாவு கிடையாது, ஸ்டாக் கிடையாது, வெங்காயம் இருந்த இடம் தெரியாம கரைஞ்சு அதுவே சாஸ் ஆயிடும். ரெண்டரை மூணு மணி நேரத்துல கறி கரண்டி பட்டா உடையும், நிறம் கருஞ்சிவப்பு, மேல சிவப்பா நெய் மிதக்கும். வாயில வைக்கும்போது முதல்ல தெரியறது மாட்டுக்கறி ருசிதான், வைனும் இல்ல பீரும் இல்ல, எனக்கு இது ஜெயிக்கறது அதனாலதான். அவங்க நொகெட்லினு முட்டை மாவு உருண்டையோட சாப்பிடுவாங்க, கூட ஊறுகாய் வெள்ளரி. சுடு சோறும் அருமையா சேரும்.

பாப்ரிகாவுக்கு பதிலா காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. நிறம் வந்துடும், ஆனா மூணு டேபிள்ஸ்பூன் காஷ்மீரி மிளகாய் நல்லாவே காரம், அந்த இனிப்பும் வராது. நல்ல பாப்ரிகால ஒரு சின்ன ஸ்பூன் அளவு மட்டும் காஷ்மீரி கலந்துக்கோங்க, காரம் வேணுங்கறவங்களுக்கு அது போதும். ஸ்பெயின் நாட்டு புகை போட்ட பாப்ரிகா வேணவே வேணாம், புகை வாசனை மத்த எல்லாத்தையும் அமுக்கிடும். எதுவா இருந்தாலும் பழைய டப்பா வேணாம், நிறம் மங்கி பழுப்பாயிடுச்சுன்னா அதுல ருசியும் இல்ல.

குக்கர் விஷயம். ப்ரஷர் குக்கர்ல உள்ள 120 டிகிரி வரைக்கும் போகும், சக் 35, 40 நிமிஷத்துல வெந்துடும், பூர்கின்யோனுக்கு அவசரத்துக்கு ஓகே, அப்புறம் மூடியைத் திறந்து சாஸை வத்த வைக்கணும். கார்பொனாடுக்கு நான் ஓவன் பக்கம், 150 டிகிரில மூடி போட்டு வச்சிட்டு மறந்துடலாம், அடி பிடிக்காது. ஸ்லோ குக்கர்ல ஆவி வெளிய போகாது, அதனால ரெசிபில சொன்ன வைன்ல பீர்ல பாதி போதும். பொர்கொல்ட்டை மட்டும் குக்கர்ல போட்டா அந்த வத்தி வத்தி ஊத்தற வேலையே நடக்காது, தண்ணியா ஒரு சிவப்புக் குழம்புதான் வரும், அதுக்கு அடுப்பும் ஒரு கனமான பாத்திரமும்தான்.

மூணுமே மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா சாஸ் ஜெல்லியா உறைஞ்சிருக்கும், மேல படிஞ்ச கொழுப்பை வேணாம்னா ஸ்பூனால எடுத்துடலாம். பொர்கொல்ட் மிஞ்சினா மறுநாள் அப்படியே சூடு பண்ணாம ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி, ரெண்டு உருளைக்கிழங்கு ஒரு கேரட் வெட்டிப் போட்டு 25 நிமிஷம் கொதிக்க விடுங்க, வைன் மாதிரி புளிப்பு இதுல இல்லாததால கிழங்கு அதுலயே வெந்துடும், குயாஷ் சூப்புக்கு ரொம்பப் பக்கத்துல வந்துடும், உப்பு மட்டும் திரும்ப ஒரு தடவை பாத்துக்கோங்க.