ஜீப்பை உயர்த்தலாமா? யாழ்ப்பாணத்தில் தினமும் ஓடும் வாகனத்துக்கு எது பொருந்தும்

குடாநாட்டில் மலையும் இல்லை, கற்பாறைப் பாதையும் இல்லை. ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். இருந்தும் டபிள் கப்போ (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) ஜீப்போ வைத்திருக்கும் நாலு பேர் ஒரு ரயர் கடையில் சேர்ந்தால், "எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?" என்ற கேள்வி வந்தே தீரும். அந்த ஆசையில் பிழை இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. பழைய ஹைலக்ஸையும் எல்200ஐயும் பஜேரோவையும் காப்பாற்றி ஓட்டிய அந்தக் காலத்தில், "புதுசு வாங்க ஏலாது, இருக்கிறதை நல்லாக்குவம்" என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது. எப்படிச் செய்தால் அது நல்லாகும் என்பதில்தான் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு.

நான் பேசுவது வீட்டில் இருக்கும் ஒரே வாகனத்தைப் பற்றி. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, வேலைக்குப் போய், பின்னேரம் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி ஏற்றி, சனி ஞாயிறில் வடமராட்சி கிழக்குக்கோ பூநகரிக்கோ கிளிநொச்சி வயலுக்கோ போகும் வாகனம். அதற்கு என் தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோருக்கு வேண்டியது இறங்கிப்போன ஸ்பிரிங்கை மாற்றிச் சரியான ரயர் போடுவது. பாரத்தோடு கிழமைக்குக் கிழமை வன்னிக்குப் போகிறவருக்கு ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு அங்குலம். நாலு அங்குலம் இந்த வாழ்க்கைக்குப் பொருந்தாது.

உயர்த்தினால் எது உயர்கிறது?

ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸும் (வாகனத்தின் அடிச்சட்டம்) உடலும் உயரும். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷல் உருண்டை சில்லுகளோடு நிற்பது; அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய ரயர். அதிலும் விட்டத்தில் கூடியதன் பாதிதான் கிடைக்கும். 235/75 ஆர்15 ரயரின் விட்டம் ஏறத்தாழ 734 மில்லிமீற்றர், 31 அங்குல ரயருக்கு 787. அச்சுக்கு அடியில் உங்களுக்குக் கிடைப்பது 26, 27 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம். நாலு அங்குலம் உயர்த்திப் பழைய ரயரிலேயே ஓடும் வாகனத்தை வயல் வரம்பில் ஏற்றிப் பாருங்கள். முன்பு முட்டிய அதே உருண்டை அதே இடத்தில் முட்டும்.

அப்படியானால் லிஃப்ட் என்னும் இந்த உயர்த்தல் எதற்கு? பெரிய ரயர் மட்காட்டில் உரசாமல் சுழல இடம் தருகிறது. வாய்க்கால் கட்டு, குளக்கட்டு, மணல் மேடு ஆகியவற்றின் உச்சியில் வயிறு தட்டாமல் தாண்டும் கோணத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. இந்த இரண்டாவது பயன் வாகனத்தின் நீளத்தைப் பொறுத்தது. சிறிய ஜீப்பான ஜிம்னியின் முன் பின் சில்லுகளுக்கிடையே 2250 மில்லிமீற்றர்தான். டபிள் கப்பான ஹைலக்ஸ் விகோவுக்கு 3085. ஜிம்னி அப்படியே தாண்டும் குளக்கட்டில் டபிள் கப் நடுவயிறு தட்டி நின்றுவிடும். ஆகவே ஜிம்னிக்காரர் இந்தக் காரணத்துக்காகச் செலவழிக்கத் தேவையில்லை. டபிள் கப்காரரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது.

எங்கள் நிலத்தில் வாகனம் எங்கே நிற்கிறது?

குடத்தனை, மணற்காடு, நாகர்கோவில் பக்கம் போனால் நிறுத்துவது மணல். அங்கே உயரம் எதுவும் செய்யாது. ரயர் தரையில் எவ்வளவு பரவி நிற்கிறது என்பதே முக்கியம். 32 பி.எஸ்.ஐ. காற்றோடு இறங்கும் உயர்த்திய ஜீப் புதையும் இடத்தில், 16, 18க்குக் காற்றை இறக்கிய சாதாரண வாகனம் மெதுவாக மிதந்து போகும். பெரிய கட்டைகள் வைத்த சேற்று ரயர் இங்கே பாதகம். அது மணலைத் தோண்டித் தன்னையே புதைக்கும். எல்லாத் தரைக்கும் உரிய ஏ.டி. ரயரும், 12 வோல்ற்றில் ஓடும் ஒரு நல்ல காற்று பம்பும் இந்தக் கரைக்கு லிஃப்டை விடப் பெரிய உதவி. காற்றை மீண்டும் நிரப்பாமல் தார் வீதியில் வேகமாக ஓடினால் ரயரின் பக்கச் சுவர் சூடேறிப் பிய்ந்துவிடும் என்பதால், பம்ப் இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது.

இதிலே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மணல் மேட்டை அடம்பன் கொடியும் சிறு பற்றைகளும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. அதன் மேல் ஏறி விளையாடினால் அடுத்த காற்றுக்கு மணல் ஊருக்குள் வரும். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. அங்கே தடம் விட்டு விலகவே கூடாது. முகமாலை, நாகர்கோவில் பக்கங்கள் போரின் முன்னரங்குகளாக இருந்தவை. கண்ணிவெடி அகற்றும் வேலை நெடுங்காலம் நடந்த மண். சிவப்புப் பலகை இருக்கோ இல்லையோ, ஆட்கள் போய்வந்த தடத்தை விட்டு இறங்காதீர்கள். எந்த உயரமும் அதற்குக் காப்பில்லை.

கடனீரேரிக் கரைத் தரவைகள் வேறு வகை ஏமாற்று. மேலே காய்ந்து வெடித்த பொருக்கு, கீழே கருஞ்சேறு. நடந்து பார்க்காமல் இறங்கினால் இரண்டு அங்குலமானாலும் ஆறு அங்குலமானாலும் சேசிஸ் சேற்றில்தான். உழவு இயந்திரம் வந்து இழுக்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு உப்பு தன் வேலையைத் தொடங்கும்.

உயரம் உண்மையாகவே உதவும் இடம் பரந்தன், கிளிநொச்சி வயல் பாதைகள். உழவு இயந்திரங்கள் இரு பக்கமும் ஆழமாகத் தடம் பதித்து, நடுவிலே மண் முதுகு நிற்கும். பெரிய ரயரும் இரண்டு அங்குலமும் அங்கே பேசும்.

வெள்ளம் பற்றியும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2008 நிஷாப் புயலிலும் 2020 புரெவிப் புயலிலும் ஒழுங்கைகள் முழங்காலுக்கு நிரம்பியதைப் பார்த்தவர்கள், உயர்த்தினால் தப்பலாம் என்கிறார்கள். பழைய டிஃபெண்டர் ஜீப்புக்கே தண்ணீரில் இறங்க நிறுவனம் சொன்ன ஆழம் 500 மில்லிமீற்றர். தண்ணீரில் வாகனத்தைக் கெடுப்பவை எஞ்சின் காற்றிழுக்கும் வாய், டிஃபரென்ஷலின் மூச்சுக்குழாய், சில்லு பெயாரிங். லிஃப்ட் காற்று வாயைச் சற்று உயர்த்தும்; மற்ற இரண்டையும் தொடாது. மூச்சுக்குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் கொண்டுவருவது ஒரு ரப்பர் குழாயின் செலவு. அதை முதலில் செய்யுங்கள். வெள்ளத்தில் வீதியோர வாய்க்காலும் கட்டுக் குறைந்த கிணறும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் வாகனம் கிளப்பும் அலை அயல் வீட்டு விறாந்தைக்குள் போகும். தைரியம் தரும் வாகனம் இந்த நேரத்தில் ஆபத்தானது.

வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

முதல் வழி, உயர்த்தாமல் மீட்பது. பதினைந்து இருபது வருடம் கல்லும் மண்ணும் சீமெந்தும் ஏற்றிய டபிள் கப்பின் பின் ஸ்பிரிங் தகடுகள் பெரும்பாலும் தட்டையாகிவிட்டன. சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து, அதே மொடலில் நல்ல நிலையில் உள்ள ஒன்றோடு ஒப்பிடுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் நீங்கள் தேடும் லிஃப்ட் அந்த ஸ்பிரிங்கிலேயே இருந்து போனது. புது ஸ்பிரிங், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ், புது ஷொக் அப்சோபர் போட்டால் உயரமும் வரும், ஓட்டமும் திரும்பும். பழைய தகட்டைச் சூடாக்கி அடித்து வளைத்துத் தருவார்கள், மலிவுதான். ஆனால் உருக்கின் பதம் போய்விடும், மீண்டும் பதம் ஏற்றாவிட்டால் சில மாதத்தில் பழையபடி படுக்கும். இந்த வழியை நான் ஒப்பீட்டின் நடுவில் வைக்கவில்லை, தலையில் வைக்கிறேன். மற்ற எதைச் செய்வதானாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஒன்றரை இரண்டு அங்குலத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் நீளமான ஷொக்கும். நேர்மையான லிஃப்ட் இதுதான். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஷொக்கை விட்டால், பள்ளத்தில் சில்லு இறங்கும்போது ஷொக் முழு நீளத்துக்கு இழுபட்டு அடிக்கும். ஜிம்னி, டிஃபெண்டர் போல முன்னும் முழு அச்சு உள்ளவற்றில் உயரம் கூடினால் காஸ்ரர் கோணம் (முன் சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்ரியரிங் அலையத் தொடங்கும்; அதைத் திருத்தும் புஷ் வேண்டும், அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் தண்டையும் சரிசெய்ய வேண்டும். ஜிம்னியில் ஸ்ரியரிங் நடுக்கம் ஏற்கெனவே இருந்தால், உயர்த்தும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள். உயர்த்திய பிறகு அது கூடத்தான் செய்யும்.

மூன்றாவது, மலிவு வழிகளின் கூட்டம். பழைய பஜேரோ, எல்200, 1997க்குப் பின் விகோவுக்கு முன் வந்த ஹைலக்ஸ் பலவற்றின் முன்னே ரோர்ஷன் பார் இருக்கும், அதாவது முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு. ஒரு போல்ற்றை முறுக்கினால் முன்பக்கம் அரை மணி நேரத்தில் உயர்ந்துவிடும், காசும் பெரிதாகப் போகாது. முறுக்குவதால் ஸ்பிரிங் நீளுவதில்லை. கீழே இறங்க இருந்த தூரத்தைத்தான் மேலே எடுக்கிறீர்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் "டக்" என்று அடிக்கும். முன் சில்லுக்கு விசை கொண்டுபோகும் சிவி ஜொயின்ற் சரிவாக வேலை செய்து, அதன் ரப்பர் உறை வெடித்து, மணலும் உப்பும் உள்ளே போகும். ஓர் அங்குலத்துக்குள் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம். பின்பக்கம் நீள ஷக்கிள் (ஸ்பிரிங்கின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் தகடு) போடுபவர்கள் இரண்டு அங்குலம் உயர நாலு அங்குலம் நீட்ட வேண்டும். வாகனம் பக்கவாட்டில் ஆடும். உடலை மட்டும் கட்டை வைத்து உயர்த்தும் முறையில் சேசிஸ் உயர்வதே இல்லை, ரயருக்கு இடம் மட்டும் கிடைக்கும். கடற்காற்றில் ஓடிய வாகனத்தில் அந்தப் பழைய உடல் போல்ற்றுகளைத் தொட்டால் பாதி முறியும். இந்தக் கூட்டத்தில் எனக்கு ஒன்றிலும் விருப்பமில்லை.

நாலு அங்குலத்துக்குப் போனால் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெலர் தண்டின் கோணம், பிரேக் குழாய்களின் நீளம், ஸ்ரியரிங் இணைப்புகள் எல்லாம் மாற வேண்டும். சரியான உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும் வரை உங்கள் ஒரே வாகனம் கராச்சில் நிற்கும். தினமும் ஓட வேண்டிய வாகனத்துக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நாளாந்தம் கொடுக்கும் விலை

உயரத்தின் நன்மை மாதத்தில் சில நாள் கிடைக்கும். அதன் செலவு ஒவ்வொரு நாளும் இருக்கும். சேலை கட்டிய அம்மாவும் முழங்கால் வருத்தமுள்ள அப்பாவும் ஏறி இறங்க வேண்டும். படி பூட்டினால் அந்தப் படி வரம்பில் முட்டும். எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை பொனெற்றுக்கு முன்னால் தெரியாமல் போகும் நிலம். எங்கள் ஒழுங்கைகள் ஒடுக்கம், இரு பக்கமும் மதில். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சைக்கிள்களும் சிறு பிள்ளைகளும் முன்னாலும் பக்கத்திலும் நெருங்கி வருவார்கள். ஏற்கெனவே உயரமான பொனெற்றை இன்னும் நாலு அங்குலம் உயர்த்துகிறவர், அந்தக் குருட்டிடத்தில் ஒரு பிள்ளை நிற்கலாம் என்பதை நினைத்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

காற்றும் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்திலும் வல்லை வெளியிலும் பக்கக்காற்று எப்படித் தள்ளும் என்பது அவ்வழியால் போகிறவர்களுக்குத் தெரியும். பாரமையம் உயர்ந்து, ரயர் அகன்று, காஸ்ரர் குறைந்த வாகனத்தை அங்கே இரு கையாலும் பிடித்து ஓட்ட வேண்டும். எதிரே பஸ் வரும்போது ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தால், திடீர் வெட்டலில் கவிழும் வாய்ப்பு கூடும். டீசல் செலவும் கூடும். அதில் பெரும்பங்கு ரயரின் பாரத்தாலும் உருளும் எதிர்ப்பாலும். வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். முன்பு சொன்ன ரயர் மாற்றத்தில் முள் 70 காட்டும்போது உண்மையில் 75 ஓடும். ஏ-9 வீதியில் வேக எல்லை 70.

காப்புறுதியும் பதிவும் சுருக்கமாக: எந்த வேலைக்கும் முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு வாய்ச்சொல் நிற்காது.

ஆருக்கு எது

நகரத்துக்குள் ஓடி, எப்போதாவது கசூரினாக் கடற்கரைக்கோ மணற்காட்டுக்கோ போகிறவர்: புது ஸ்பிரிங், ஏ.டி. ரயர், காற்று பம்ப். ஜிம்னி வைத்திருப்பவர் ரயரை 215/75 ஆர்15 அளவில் வைத்தால் லிஃப்டே தேவையில்லை. வயலுக்கும் தோட்டத்துக்கும் பாரத்தோடு போகும் டபிள் கப்காரர் இரண்டாவது வழியை எடுக்கலாம். அவருக்கு நான் தடை சொல்ல மாட்டேன், ஆனால் கராச்சில் நின்று சில வேலைகளைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும்.

பல டபிள் கப்புகளில் பின் அச்சையும் சேசிஸையும் இணைத்து ஒரு கம்பியும் பிரேக் வால்வும் இருக்கும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடிய அழுத்தம் விடுவது அதன் வேலை. உயர்த்திய பிறகு அதன் தாங்கியையும் அதே அளவு மாற்றாவிட்டால், முழுப் பாரம் ஏற்றினாலும் வெறும் வாகனம் என்றே வால்வு கணக்கிடும். நெல் மூட்டையோடு வரும்போது பின் பிரேக் குறையும். இதைக் கேட்காமல் யாரும் செய்து தருவதில்லை. பிரேக் குழாய் முழுத் தொங்கலிலும் இழுபடாமல் இருக்கிறதா என்று ஜக்கில் தூக்கிப் பாருங்கள். முன் வெளிச்சத்தை இறக்குங்கள். இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சில்லு எலைன்மென்ற் அன்றே செய்யுங்கள். ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ-போல்ற்றுகளைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள், பழையதை மீண்டும் இறுக்க விடாதீர்கள். முதல் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் அவற்றை இன்னொரு முறை முறுக்குவிசை அளவுச் சாவியால் இறுக்க வேண்டும்.