காட்பாடியில் கேம் சென்டர், டர்ஃப், டிஜே நைட்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஜூலை, ஆகஸ்டில் விஐடி பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கியதுமே காட்பாடியின் சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வேலூர் கிரீன் சர்க்கிள் வரை உள்ள பொழுதுபோக்கு இடங்களுக்கு சீசன் தொடங்கிவிடுகிறது. பிப்ரவரியில் விஐடியின் கலைவிழாவான ரிவியரா நேரத்தில் இன்னொரு சீசன். இந்த இரண்டு சமயத்திலும்தான் ஹாஸ்டல் குழுக்களில் "ஏமாந்துட்டோம்" என்ற புகார்கள் குவிகின்றன. ஊர் புதிது, பாதிப் பேருக்கு மொழியும் புதிது, கையில் அப்பா அனுப்பிய பணம். இதைக் கணக்குப் போட்டே நடத்தும் இடங்கள் சில இருக்கின்றன. ஒழுங்காக நடத்துகிறவர்களும் இதே ஊரில் இருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு, எங்கே எப்படிப் பணம் போகிறது என்பதை மட்டும் எழுதுகிறோம். முறை தெரிந்தால் எந்தக் கடையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஸ்டார் ரேட்டிங். கூகுள் மேப்பில் 4.8 என்று இருப்பதைப் பார்த்துப் போகாதீர்கள். கவுன்டரிலேயே "5 ஸ்டார் போட்டுக் காட்டுங்க, அரை மணி நேரம் ஃப்ரீ" என்று சொல்லும் வழக்கம் உண்டு. விளையாடத் தொடங்கும் முன்பே போட்ட மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? கருத்துகளை "புதியவை", "குறைந்த மதிப்பீடு" என்ற இரண்டு வரிசையிலும் மாற்றிப் படியுங்கள். ஒரே வாரத்தில் வரிசையாக வந்த 5 ஸ்டார்கள், "சூப்பர் ஆம்பியன்ஸ்" என்று இரண்டே சொல், எழுதியவருக்கு அதைத் தவிர வேறு கருத்தே கிடையாது என்றால் அவற்றைத் தள்ளிவிடுங்கள். 2 ஸ்டார், 3 ஸ்டார் கொடுத்தவர்கள்தான் விலை, நேரம், ஏசி என்று குறிப்பாக எழுதுவார்கள். கடைக்காரர் ஏற்றிய படங்களை விட்டுவிட்டு, வந்துபோனவர்கள் ஏற்றிய படங்களைப் பாருங்கள். அவற்றில் விலைப்பலகை தெரிந்தால் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்னூக்கர், பூல் டேபிள். பலகையில் "1 மணி நேரம் 120 ரூபாய்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் போய் 1 மணி 10 நிமிடம் ஆடுகிறீர்கள். உங்கள் கணக்கில் 140. பில்லில் 300க்கு மேல் வரும். எப்படி? டேபிள் விளக்கைப் போட்ட நிமிடத்திலிருந்து கணக்கு ஓடும். பந்து அடுக்கி, ஸ்டிக் தேடி எடுத்து முதல் அடி அடிப்பதற்குள் 10 நிமிடம் போய்விடும். மொத்தம் 1 மணி 20 நிமிடம் ஆகும், அதை ஒன்றரை மணியாக ஏற்றுவார்கள். அது 180. "இரண்டு பேருக்கு மேல் தலைக்கு 30" என்று ஒரு விதி அப்போதுதான் வெளியே வரும். அது 60. எம்ஆர்பி 20 போட்ட குளிர்பானம் 30 வீதம் நான்கு, 120. ஆக 360. ஒவ்வொன்றும் சின்னத் தொகையாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதை நம்பித்தான் இந்த பில்லே.

கேட்கவேண்டியவை நான்கு: விலை டேபிளுக்கா தலைக்கா, எந்த நிமிடத்திலிருந்து கணக்கு, மேல் நிமிடங்களை 15ஆக ஏற்றுவார்களா 30ஆகவா, மாலையிலும் சனி ஞாயிறிலும் விலை மாறுமா. கேட்டுவிட்டு விளக்கு போட்டவுடன் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். அதை அவர்கள் பார்க்கும்படி வையுங்கள்.

பெரிய வம்பு டேபிள் மேல் விரித்த பச்சைத் துணியில் இருக்கிறது. "துணி கிழிந்தால் அபராதம்" என்று ஆயிரக்கணக்கில் எழுதி ஒட்டியிருப்பார்கள். துணியில் ஒரு கிழிசல் விழுந்தால் ஒட்டுப்போட்டு முழுதாகச் சரிசெய்ய முடியாது, பெரும்பாலும் படுகைத் துணி முழுவதையும் மாற்றவேண்டும். அதனால் அபராதம் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாற்றாமலேயே அதே கிழிசலுக்கு அடுத்தடுத்து வரும் குழுக்களிடம் வசூலிக்கும் இடங்கள்தான் பிரச்சினை. ஆட்டம் தொடங்கும் முன் போன் டார்ச்சைத் துணியோடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். நேராக மேலிருந்து பார்த்தால் தெரியாத கீறல்கூட நிழல் விழுந்து தெரியும். பாக்கெட் வாய்கள், ஸ்னூக்கர் டேபிளில் கோடு போட்ட அரைவட்டப் பகுதி, பூலில் பந்து அடுக்கும் புள்ளி, இந்த மூன்று இடங்களில்தான் துணி தேய்ந்தோ ஸ்டிக் முனை குத்தியோ நூல் பிரிந்திருக்கும். ஒரு வீடியோ எடுத்து, "அண்ணா, இது ஏற்கெனவே இருக்கு" என்று கவுன்டரில் காட்டிவிட்டு ஆடுங்கள். வெள்ளைப் பந்தைக் குஷன் ஓரமாக மெல்ல உருட்டிப் பாருங்கள்; தானாக ஒரு பக்கம் ஒதுங்கினால் டேபிள் மட்டம் சரியில்லை. வேறு டேபிள் கேளுங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள். அந்த டேபிளுக்கும் அதே 120தான் வாங்குகிறார்கள்.

கேமிங் சென்டரில் விளம்பரத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள தூரம் அதிகம். வெளியே "144 ஹெர்ட்ஸ்" (திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும்) என்று எழுதியிருக்கும், மானிட்டரும் 144தான், ஆனால் விண்டோஸில் 60ஆகவே விட்டிருப்பார்கள், அல்லது பழைய கேபிள் மாட்டியிருப்பார்கள். டிஸ்பிளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்தால் உண்மை எண் தெரியும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டின் பெயரைப் படியுங்கள். பிரீமியம் வரிசை என்று கூடுதல் பணம் வாங்கிவிட்டுச் சாதாரண கார்டு உள்ள சிஸ்டத்தில் உட்கார வைப்பது இங்கே அடிக்கடி வரும் புகார். லாகின் செய்ததும் நேரம் ஓடத் தொடங்கும், கேமோ அப்டேட் கேட்டு நிற்கும். அப்டேட் ஓடும் நேரத்துக்கும் உங்களிடம்தான் பணம். ஆகவே எந்த கேம் ஆடப்போகிறீர்கள் என்று சொல்லி, திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு உட்காருங்கள்.

பிளேஸ்டேஷனில் "மணிக்கு 100" என்பது பெரும்பாலும் ஒரு கன்ட்ரோலருக்கு. இரண்டாவதுக்குத் தனி. கையில் வாங்கியதும் மெனுவில் விரலை எடுத்துவிட்டுப் பாருங்கள். கர்சர் தானே நகர்ந்தால் கன்ட்ரோலரில் விரலால் அசைக்கும் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. அப்போதே மாற்றாவிட்டால் போகும்போது "நீங்கதான் உடைச்சீங்க" என்பார்கள்.

முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டும் வாலட் பேக் பக்கம் போகாதீர்கள் என்றே சொல்வோம். "1,000 கட்டினால் 15 மணி நேரம்" கேட்க லாபமாக இருக்கும். அதற்கு 30 நாள் கெடு இருக்கும், அது ரசீதில் இருக்காது. நடுவில் கேட் (CAT) எனும் இடைத்தேர்வு வரும், பிறகு ஃபேட் (FAT) எனும் இறுதித் தேர்வு, பிறகு ஊருக்குப் போய்விடுவீர்கள். திரும்பி வரும்போது பேலன்ஸ் பூஜ்யம். கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் கெடு தேதியை எழுதி வாங்குங்கள். இன்னொன்று: பொது சிஸ்டத்தில் கேம் அக்கவுன்டை "நினைவில் வை" டிக்கோடு திறக்காதீர்கள். எழுந்திருக்கும் முன் லாக்அவுட் செய்து, பிரவுசரிலிருந்தும் வெளியேறுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாமல் ஸ்கின் (கேமுக்குள் வாங்கும் அலங்காரம்) வாங்கிச் சேர்த்த அக்கவுன்டை இழந்தவர்கள் பலர்.

வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானமான டர்ஃபில் பாதிப் பணம் முன்பதிவிலேயே போய்விடுவதால் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. ஆப்பில் ஒருவருக்கும் போனில் இன்னொருவருக்கும் ஒரே ஸ்லாட்டைக் கொடுத்துவிட்டு, யார் முதலில் வந்தார்களோ அவர்களை உள்ளே விடுவது நடக்கிறது. மழையும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சொல்லவே வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரிலும் வேலூரில் மாலை இடிமழை வரும், அதே நேரத்துக்குத்தான் எல்லோரும் ஸ்லாட் போடுகிறார்கள். "மழை பெய்தால் பணம் திரும்பக் கிடையாது, வேறு நாள் தருவோம்" என்பார்கள். அந்த வேறு நாள் மதியம் 2 மணி வெயிலாக இருக்கும். பணம் அனுப்பும் முன் வாட்ஸாப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பி "ஓகே" வாங்குங்கள்: "சனிக்கிழமை இரவு 8 முதல் 9 வரை, மொத்தம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, பந்து சேர்த்து, விளக்கு சேர்த்து. மழை பெய்தாலோ ஸ்லாட் கிடைக்காவிட்டாலோ முன்பணம் முழுக்கத் திரும்ப வரும்." போனில் வாயால் சொல்வதை நம்பி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

தரையையும் பாருங்கள். செயற்கைப் புல்லுக்கு அடியில் மணலும் கறுப்பு ரப்பர் துகளும் நிரப்பியிருக்க வேண்டும். ஷூவால் அழுத்தித் தேய்த்தால் துகள் தெறிக்கவேண்டும். எதுவும் வராமல் புல் படுத்தே கிடந்தால் அடியில் நிரப்பு போய்விட்டது. அங்கே வழுக்கி விழுந்தால் முழங்கால் தோல் உரியும், திரும்பும்போது கணுக்கால் பிசகும். இரண்டு விரிப்பு சேரும் இடத்தில் பசை விட்டு வாய் பிளந்திருந்தால் அங்கே ஓடவே கூடாது. ஆடும் நேரமும் 60 நிமிடம் முழுதாகக் கிடைக்காது, முந்தைய குழு வெளியேறவே ஐந்தாறு நிமிடம் எடுக்கும். விளக்கை அணைப்பது மட்டும் சரியான நேரத்துக்கு நடக்கும்.

எல்லாவற்றிலும் அதிகப் பணம் போவது டிஜே நைட் பாஸில்தான். வேலை இப்படி நடக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு போஸ்டர். "ஏர்லி பேர்ட்", "ஃபேஸ் 1", "ஃபேஸ் 2" என்று விலை ஏறிக்கொண்டே போகும், "இன்னும் 10 பாஸ்தான்" என்று தினமும் இருக்கும். விற்பவர் உங்கள் வகுப்புத் தோழராகவே இருப்பார். அவருக்குப் பாஸுக்கு இவ்வளவு என்று கமிஷன், அவருக்கும் ஏற்பாட்டாளர் யார் என்று சரியாகத் தெரியாது. பணம் ஒரு தனிநபரின் யூபிஐக்குப் போகும். கைக்கு வருவது ஒரு க்யூஆர் படம். அதே படம் நான்கு பேருக்கு விற்கப்பட்டிருந்தால் வாசலில் முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே, மற்ற மூவரும் வெளியே. உள்ளே போனவர்களுக்கும் நிம்மதி இல்லை. "பாஸ் தொகை முழுக்க சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம்" என்பது குறிப்பிட்ட சில பானங்களுக்கு மட்டும் என்றாகும், அவற்றின் விலையும் அன்றைக்கு வேறு. ஜோடியாக வராத பையன்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், பாஸ் விற்கும்போது இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை என்று நிகழ்ச்சி ரத்தாகும், பணத்துக்குப் பதில் "அடுத்த ஈவென்ட்டில் பாஸ்" என்பார்கள்.

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் மது விற்கக்கூடாது. இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழே. "அன்லிமிடெட்" என்று போட்ட பாஸை 18 வயதுப் பிள்ளைக்கு விற்கிறவர், வாசலில் சோதனை வந்தால் உங்கள் பக்கம் நிற்கமாட்டார். பாஸ் பணத்தைக் கேட்டு நீங்களும் புகார் கொடுக்கத் தயங்குவீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஹோட்டலோ ஹாலோ எதுவோ, அதன் ரிசப்ஷனுக்கு நீங்களே எண் தேடி அழையுங்கள். போஸ்டரில் உள்ள எண் வேண்டாம். அந்தத் தேதியில் அப்படி ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறதா, யார் பெயரில் என்று கேளுங்கள். டிக்கெட் தளத்தில் விற்பனை இருந்தால் உங்கள் கணக்கிலேயே வாங்குங்கள். பிறர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் ஆகாது. நிகழ்ச்சி பாலாற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் திரும்பும் ஆட்டோவைப் போகும்போதே பேசிவிடுங்கள், ஹாஸ்டல் கேட் மூடும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நிற்கும் பிள்ளைகளிடம் கேட்கும் கட்டணம் பாஸ் விலையை எட்டிவிடும்.

சினிமா பரவாயில்லை. ஆப்பில் பணம் கட்டும் பக்கத்தில் ஸ்நாக்ஸ், நன்கொடை, இன்சூரன்ஸ் எதுவும் தானாக டிக் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேட்காமல் கூடையில் சேர்ப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் தடை செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் நல்ல குடிநீர் இலவசமாகத் தரவேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடிநீர் எங்கே என்று கேட்டு வாங்குங்கள்.

பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் மேலே 15 எழுத்து எண் இருக்கவேண்டும், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் கடைப் பெயர் வரும். சிறு வணிகர்களுக்கான காம்பொசிஷன் வரித் திட்டத்தில் இருக்கும் கடை உங்களிடம் வரி வசூலிக்கவே கூடாது. உணவகத்தில் சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை, எடுக்கச் சொன்னால் எடுக்கவேண்டும். பில்லே தராமல் விடுவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

ஏமாந்த பிறகு சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். விலைப்பலகைப் படம், பில், யூபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், வாட்ஸாப் உரையாடல் இவற்றைச் சேருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், அல்லது 8800001915க்கு வாட்ஸாப் செய்யுங்கள். பல கடைகள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும். நகரவில்லையென்றால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் பதியலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வேலூரிலேயே போடவேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். படிப்பு முடிந்து மதுரைக்கோ தென்காசிக்கோ போய்விட்டவர்களும் இதைச் செய்யலாம்.

போலிப் பாஸ், போலி யூபிஐ என்றால் அது வேறு. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, கூடவே சைபர் கிரைம் தளத்தில் புகார். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கினால்தான் பயன், ஆகவே அன்றிரவே செய்யுங்கள். அழைக்கும் முன் பாஸ் விற்ற ஆன்லைன் குழுவின் அட்மின் பெயர், போன் எண், யூபிஐ ஐடி மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் பேச்சு காதில் விழுந்ததும் முதலில் காணாமல் போவது அந்தக் குழுதான்.