எகிப்தியக் கதைகளோடு டாரட் வாசிக்க எந்தக் கட்டு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படச்சீட்டுகளை விரித்துப் பலன் சொல்லும் டாரட் எகிப்திலிருந்து வரவில்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான் பக்கத்துப் பிரபு வீடுகளில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம் அது. 1781இல் கூர் த ஜெபெலன் என்ற பிரெஞ்சுக்காரர்தான், இது எகிப்தியப் பூசாரிகள் சீட்டுக்குள் ஒளித்துவைத்த ஞானநூல் என்று எழுதினார். 'தார்' என்றால் பாதை, 'ரோ' என்றால் அரசன் என்று சொல்லாராய்ச்சி வேறு. அவர் எழுதியபோது எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவரும் இல்லை, பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அதற்கு வழி கண்டுபிடித்தது 1822இல்தான்.

ஆனால் அந்தக் கற்பனையை நம்பியவர்களும் நம்பாதவர்களும் வரைந்த படங்கள்தான் இன்றைக்குக் கடையில் கிடைக்கின்றன. அதனால் பூர்வீகச் சண்டையை விட்டுவிடலாம். ஒசைரிஸ், அவன் மனைவி ஐசிஸ், நீதி தேவி மாஅத் ஆகிய எகிப்தியத் தெய்வங்களின் கதைகளை மனதில் வைத்துச் சீட்டை விரிக்கிறவருக்கு எந்தக் கட்டு கைகொடுக்கும்? என் கணக்கில் மூன்று வகை உண்டு. 1909இல் வந்த ரைடர் வெய்ட் (ரைடர் வெளியிட்டவர், வெய்ட் வடிவமைத்தவர்), ஆங்கில மந்திரவாதி அலெஸ்டர் குரோலி சொல்ல ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்த, எகிப்திய எழுத்துத் தெய்வத்தின் பெயர் வைத்த தோத், அப்புறம் முழுக்க எகிப்திய வேடம் கட்டிய கட்டுகள்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வகை 1896இல் பாரிஸில் ஃபால்கோனியே என்பவர் வெளியிட்ட 22 சீட்டுகளின் வழியில் வருவது. இப்போது கிடைப்பவற்றில் தங்கநிறப் பளபளப்பும் பிரமிடும் தாராளமாக இருக்கும், ஆனால் பல கட்டுகளில் பழைய ஐரோப்பியச் சீட்டு அப்படியே உள்ளே இருக்க, சக்கரவர்த்தி தலையில் பார்வோன் கிரீடத்தை மட்டும் வைத்திருப்பார்கள். அலமாரியில் வைக்க அழகு. வாசிப்புக்கு எனக்கு உதவியதில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். நீதிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ரைடர் வெய்ட்டில் அது 11. இரண்டு தூண்களுக்கு நடுவே கிரீடம் வைத்த உருவம் ஒன்று உட்கார்ந்திருக்கும், ஒரு கையில் ஓங்கிய வாள், மறு கையில் தராசு. தோத்தில் இதுவே 8, பெயரும் 'சரிக்கட்டல்' என்கிற பொருளில் மாறிவிட்டது. முகமூடி போட்ட பெண் ஒருத்தி நுனிக்காலில் நிற்கிறாள், வாள் கீழ்நோக்கி இருக்கிறது, தலையில் மாஅத்தின் தீக்கோழி இறகு, தராசுத் தட்டுகள் அவள் கிரீடத்திலிருந்தே தொங்குகின்றன. அதாவது அவளே தராசு.

இங்கேதான் எகிப்தியக் கதை உள்ளே வருகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஆனியின் பப்பைரஸில் (ஏறத்தாழ கி.மு. 1250) அந்தக் காட்சியைப் பார்க்கலாம்: ஒரு தட்டில் செத்தவனின் இதயம், இன்னொன்றில் இறகு, தராசு முள்ளைச் சரிபார்ப்பவன் நரித்தலைத் தெய்வம் அனுபிஸ், எழுதிக்கொள்பவன் தோத் தெய்வம், முதலைத் தலையும் சிங்க உடம்பும் நீர்யானைப் பின்பக்கமுமாக அம்மித் தேறாத இதயத்தை விழுங்கக் காத்திருக்கிறாள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அம்மித் இல்லை, இதயத்தின் மேல் வைக்கும் வண்டுத் தாயத்து. அதில் பொறித்த மந்திரம், 'எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே' என்று சொந்த இதயத்திடமே கெஞ்சுகிறது. எகிப்தியனுக்குப் பயம் நீதிபதியைப் பார்த்து மட்டும் இல்லை, தன் நெஞ்சைப் பார்த்தும்தான். 'நான் செய்தது சரியா' என்று கேட்டு வருகிறவருக்குத் தோத் சீட்டு அந்த இடத்தைச் சட்டென்று தொட்டுவிடும். சொத்துத் தகராறு, கோர்ட்டு வழக்கு என்று கேட்டால் ரைடர் வெய்ட்டே மேல், அங்கே தீர்ப்பு சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும்.

நிலவுச் சீட்டில் தோத் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ரைடர் வெய்ட்டில் நாயும் ஓநாயும் நிலாவைப் பார்த்து நிற்க, குளத்திலிருந்து நண்டு மாதிரி ஒன்று ஏறி வரும். தோத்தில் இரண்டு பக்கமும் அனுபிஸ், கீழே இருட்டுக்குள் சூரியனைத் தூக்கி வரும் வண்டு, கெப்ரி. சூரியக் கடவுள் ரா இரவின் 12 மணி நேரமும் பாதாளத்தைக் கடந்து, கடைசி மணியில் கெப்ரியாகப் பிறக்கிறான் என்ற கதை தெரிந்தவருக்கு இது வெறும் குழப்பச் சீட்டு இல்லை, விடியலுக்கு முந்தைய மணி.

சரி, அப்படியானால் தோத்தே ஜெயித்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். அதில் எகிப்து என்று தெரிவதில் பாதி குரோலியின் சொந்த மதம். பழைய 'தீர்ப்பு' சீட்டின் இடத்தில் அவர் வைத்த 'யுகம்', 1904இல் கெய்ரோ மியூசியத்தில் அவர் பார்த்த ஒரு பூசாரியின் மரப்பலகையிலிருந்து வந்தது. வளைந்து நிற்கும் வானதேவி நூத், சிறகுள்ள வட்டு எல்லாம் அசல் எகிப்தியம்தான், அவற்றுக்கு அவர் கொடுத்த பொருள் அசல் குரோலியம். படம் எகிப்திலிருந்து வந்திருக்கிறது என்பதற்காகப் பொருளையும் அங்கிருந்து வந்ததாக நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ரைடர் வெய்ட்டிலும் இந்தக் கலப்பு உண்டு. தலைமைப் பூசாரிணி சீட்டில், கொம்புகளுக்கு நடுவே உருண்டை வைத்த கிரீடத்தைப் பார்த்து 'ஐசிஸ், சந்திரதேவி' என்று பலர் சொல்வார்கள். எகிப்தில் அந்தக் கொம்புகளுக்கு நடுவே இருந்தது சூரிய வட்டு, அதுவும் முதலில் ஹாத்தோர் என்ற தேவியுடையது. அங்கே சந்திரன் என்றால் தோத், கோன்சு என்று ஆண் தெய்வங்கள்தான். ஐசிஸைச் சந்திரனோடு இணைத்தது பின்னால் வந்த கிரேக்க ரோமானியக் காலம். இத்தனைக்கும் வெய்ட், எகிப்தியப் பூர்வீகத்துக்கு ஆதாரமே இல்லை என்று எழுதியவர். எழுதிவிட்டு அதிர்ஷ்டச் சக்கரத்தின் மேல் ஸ்பிங்ஸை உட்காரவும் வைத்தார்!

சின்ன சீட்டுகளில்தான், அதாவது கோப்பை, வாள் என்று வகை பிரித்து எண் போட்ட சீட்டுகளில்தான், என் மனது மாறியது. தோத்தில் கோப்பை ஐந்தின் கீழே 'ஏமாற்றம்' என்று அச்சடித்தே இருக்கிறது, வாடிய தாமரைகளும் காலிக் கோப்பைகளும், அதற்கு மேல் கதை சொல்ல இடமில்லை. பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர் வெய்ட் படத்தில் எகிப்தின் வாசனைகூட இல்லை. கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர், முன்னால் கொட்டிக் கிடக்கும் மூன்று கோப்பைகள், முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டு, அவ்வளவுதான். எனக்கோ அதில் ஐசிஸ்தான் தெரிகிறாள். ஒசைரிஸின் தம்பி சேத் 14 துண்டாக்கி வீசிய கணவன் உடலைத் தேடி அலைகிறாள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார், ஒரு துண்டு மட்டும் கிடைக்கவே இல்லை, மீன் தின்றுவிட்டது. அவள் அதற்குப் பதிலாக ஒன்றைச் செய்துவைத்து மேலே ஆகவேண்டியதைப் பார்த்தாள். இழப்பைக் கேட்டு வருகிறவரிடம் நான் இந்தச் சீட்டை வைத்துத்தான் பேசுகிறேன், நீதியும் நிலவும் வந்தால் மட்டும் பக்கத்தில் இருக்கும் தோத் கட்டிலிருந்து அந்த இரண்டையும் எடுத்துக் காட்டுவேன்.