வீட்டுக்கே வந்து கற்பிக்கும் டர்ட் பைக் எஞ்சின் பராமரிப்புப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

பெங்களூரு அல்சூர் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் தமிழ் மெக்கானிக் ஒருவர், வார இறுதிகளில் வண்டி உரிமையாளரின் வீட்டுக்கே வந்து எஞ்சின் பராமரிப்பின் அடிப்படைகளைக் கற்பிக்கிறார். மண்பாதையில் ஓடும் என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 நான்கு வால்வு வண்டியை வைத்து அவரிடம் கற்றேன். பயிற்சி முழுவதும் அவர் ஸ்பேனரைத் தொடுவதே இல்லை. கழற்றுவதும் மாட்டுவதும் கற்பவரின் கைதான். இந்தக் கண்டிப்புக்காகவே கட்டணம் தகும்.

அவர் ஏர் ஃபில்டரில் தொடங்குகிறார். கோலார், நந்திமலைப் பக்கத்துச் செம்மண் பாதைகளில் ஓட்டுபவர்களுக்கு இது மிகச் சரியான தொடக்கம். ஃபில்டரைத் தாண்டிச் செல்லும் நுண்ணிய மண், சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்குகளையும் அரம்போல் அராவிவிடும். ஃபோம் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்பு நீரில் கழுவி, முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வெளியேற்றி, நன்றாகக் காய்ந்த பின்பே ஃபில்டர் ஆயிலைச் சீராகப் பூச வேண்டும் என்றும், பேப்பர் ஃபில்டரானால் கழுவாமல் புதிதாக மாற்ற வேண்டும் என்றும் விளக்கினார். அதைவிடப் பயனுள்ளது அவர் கற்றுக்கொடுத்த சோதனை: ஃபில்டருக்குப் பின்னால் எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, துணியில் மண் ஒட்டினால், ஃபில்டர் சரியாக அமரவில்லை அல்லது எங்கோ கிழிந்திருக்கிறது என்று அறியலாம்.

ஆயில் மாற்றும் பகுதி சுருக்கமானது, ஆனால் நிறைவானது. எஞ்சினைச் சற்றே சூடாக்கி ஆயிலை வடிப்பது, டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாக மாற்றுவது, வண்டியை நிமிர்த்தி நிறுத்தி அளவு பார்ப்பது ஆகியவற்றைச் செய்யவைத்தார். கிளட்ச்சும் அதே ஆயிலில் நனையும் இத்தகைய எஞ்சினுக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறியீடு) தரம் ஏன் வேண்டும் என்பதையும், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும் என்பதையும் காரணத்தோடு சொன்னார். “போல்ட்டை முதல்ல கையாலேயே ஏத்துங்க தம்பி, ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்” என்று அவர் நிறுத்திச் சொன்னது அலுமினிய மரையைக் காப்பாற்றும் அறிவுரை. ஆனால் இறுதி இறுக்கத்தைக் கைப்பழக்கத்துக்கே விட்டுவிடுகிறார். அந்தப் பழக்கம் அவருக்கு உண்டு, புதியவருக்கு இல்லை. எனவே குறித்த அளவுக்கே இறுக்க உதவும் டார்க் ரென்ச்சைக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும்.

வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் நுண்ணிய இடைவெளி பற்றிய பாடம்தான் பயிற்சியின் பலவீனம். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும் என்பதையும், பிஸ்டன் அமுக்க வீச்சின் (எரிபொருள் கலவையை அழுத்தும் நகர்வின்) உச்சியில் இருக்கும்போதே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைக்க வேண்டும் என்பதையும் சொல்கிறார். ஆனால் எரிபொருள் உள்ளே வரும் வால்வுக்கும் புகை வெளியேறும் வால்வுக்கும் அளவு வேறுபடலாம் என்பதையும், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் சிறு உலோக வில்லை) வைத்த எஞ்சின்களில் வேலை முற்றிலும் வேறு என்பதையும் அவசரமாகக் கடந்துவிடுகிறார். இதற்கென்றே தனியாக ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பது பாடத்திலேயே இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. வீட்டு வாசலின் வடிகாலில் ஊற்றினால் அது ராஜகாலுவே எனப்படும் மழைநீர்ப் பெருங்கால்வாய் வழியாக பெல்லந்தூர், வர்த்தூர் போன்ற ஏரிகளுக்குத்தான் போகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு முறையாக அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கத்தை முதல் நாளிலேயே அவர் சொல்லித்தர வேண்டும்.

அடுக்ககத்தில் வசிப்பவர்கள் பார்க்கிங்கில் வேலை செய்யச் சங்கத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுவிடுவது நல்லது. சாக்கெட் செட், ஃபீலர் கேஜ், டார்க் ரென்ச் மூன்றையும் ஜேசி ரோட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, வண்டியின் உரிமையாளர் கையேட்டையும் அருகில் வைத்துக்கொண்டே அவரை அழையுங்கள்.