வயல்பெயர்: பழைய வரைபடமா, விவசாயியின் நினைவா?

இங்கிலாந்தின் கார்ன்வாலில், செயின்ட் பரியன் திருச்சபைப் பங்கில், மெர்ரி மெய்டன்ஸ் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் 19 கற்களை எல்லாரும் அறிவார்கள். பழங்காலத் தனிக்கல் நின்ற வயல்களைத்தான் தேட வேண்டும், அதற்குத் தடயம் வயலின் பெயர்.

1836 சட்டப்படி தசமபாகத்துக்காக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் வரி) வரைந்த வரைபடத்தின் பட்டியலில் வயல் எண், பெயர், பரப்பு எல்லாம் உண்டு. பிற்பாடு வேலி அழிந்த வயலும் கிடைக்கும். ஆனால் கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷ் பேச்சு வழக்கொழிந்தபின் எழுதியதால் பெயர்கள் சிதைந்திருக்கும். கார்னிஷில் 'மென்' என்றால் கல், 'ஹிர்' என்றால் நீளமான. எழுத்து திரிந்தால் கல்லின் தடயமே போய்விடும்.

முதிய விவசாயியோடு நடந்தால் உச்சரிப்பு கிடைக்கும், ஒலிப்பதிவு அவசியம். பழங்காலக் கல் அல்லாமல், மாடு உரசிக்கொள்ள நட்ட கல் எது என்பதையும் அவரே சொல்வார். பட்டியல் பெயரை முந்திச் சொல்லிவிடாதீர்கள். அதையே திருப்பிச் சொல்லிவிடுவார். வயல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். முதியவர்கள் இருக்கும்போதே நடைதான் முதலில், வரைபடம் காத்திருக்கும்.